கராஜில் பிறக்கும் கார்கள்: ஹாட் ராட், பக்கி எப்படி உருவாகின்றன? பாதியில் நின்றுபோவது ஏன்?

துருப்பிடித்த பழைய காரை ஒருவர் ஷெட்டுக்குள் இழுத்துட்டு வர்றார். கிரைண்டர் பொறி பறக்குது. வெல்டிங் வெளிச்சம் மின்னுது. அடுத்த நொடியே கண்ணாடி மாதிரி பளபளக்கும் கார் வெளியே வருது. மொத்தமே ஒரு நிமிஷ ரீல்ஸ்தான்.

அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஒளிந்திருப்பது பல மாத உழைப்பு. சில நேரம் பல வருட உழைப்பு. ஒரு பழைய இன்ஜினை ஓட வைத்துவிடலாம், நாலு சக்கரத்தை உருள வைத்துவிடலாம். அதெல்லாம் பாதி வேலைதான். அந்த வண்டியை 'முடித்து' வெளியே கொண்டுவருவதுதான் மீதிப் பாதி. முடிப்பது என்றால் பெயின்ட் அடிப்பது மட்டுமில்லை. வண்டியில் போனவர் பத்திரமாகத் திரும்பி வருவாரா என்பதே அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

வீட்டு ஷெட்டில் கார் கட்டும் இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது? எப்படிக் கட்டுகிறார்கள்? இந்தியாவில் இதைச் செய்ய முடியுமா? பார்க்கலாம்.

ஹாட் ராட் என்றால் என்ன?

பழைய காரை எடுத்து, தேவையில்லாத எடையைக் கழற்றி, இன்ஜின் சக்தியைக் கூட்டி, வேகமாக ஓட வைத்தால் அதுதான் ஹாட் ராட். பிறந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள் அங்கே மைல் கணக்கில் சமதளமாகக் கிடந்தன. 1920, 30களில் இளைஞர்கள் தங்கள் கார்களின் வேகத்தைச் சோதித்துப் பார்த்தது அங்கேதான். போட்டிகளை ஒழுங்குபடுத்த 1937-இல் தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது.

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை தயாரித்த 'மாடல் டி' கார்கள் சுமார் ஒன்றரைக் கோடி. அதனால் பழைய கார் மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதன் இன்ஜின் சக்தி 20 குதிரைத்திறன்தான். 1932-இல் ஃபோர்டு 65 குதிரைத்திறன் கொண்ட வி-8 இன்ஜினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. பழைய வண்டியின் இலகுவான பாடியோடு இந்த இன்ஜின் சேர்ந்தபோது ஆட்டம் மாறிப்போனது. 1932 ஃபோர்டு இன்றைக்கும் ஹாட் ராட் ரசிகர்களின் முதல் காதல். 'டியூஸ்' என்பது அதற்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களில் பலர் ராணுவத்தில் மெக்கானிக் வேலை பழகியவர்கள். போர் விமானங்களின் உபரி எரிபொருள் டேங்கை வாங்கி, அதற்குள் இன்ஜினை வைத்து ரேஸ் கார் செய்தவர்கள்கூட உண்டு. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' இதழ் வந்தது. தெருவில் ரேஸ் விட்டு உயிரை விடாமல், தனிப் பாதையில் விதிகளோடு ஓட்டுவதற்காக 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கம் தொடங்கப்பட்டது. பாதுகாப்பு விதிகள் இல்லாவிட்டால் இந்த ஆட்டம் நிலைக்காது என்பதை அவர்கள் அப்போதே புரிந்துகொண்டார்கள்.

பக்கியைக் கொடுத்தது ஒரு படகு கட்டுபவர்

மணலில் ஓடும் டியூன் பக்கியின் கதை வேறு. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த புரூஸ் மேயர்ஸ் ஃபைபர்கிளாஸில் படகு கட்டத் தெரிந்தவர். 1964-இல் அதே நுட்பத்தில் ஒரு காரின் பாடியை வார்த்தார். அதில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் இன்ஜினையும் பாகங்களையும் பொருத்தினார். 'மேயர்ஸ் மேங்க்ஸ்' என்ற பெயரில் வந்த இந்த வண்டியின் முதல் பிரதிக்கு 'ஓல்டு ரெட்' என்று பெயர்.

முதலில் செய்த சில வண்டிகளில் சேஸிஸும் பாடியும் ஒரே ஃபைபர் வார்ப்பு. அதைச் செய்வது செலவு பிடித்த வேலையாக இருந்தது. அதனால் அடுத்து வந்த மாடலை, பீட்டில் காரின் சேஸிஸையே சுமார் 14 அங்குலம் வெட்டிச் சுருக்கி, அதன்மேல் பொருத்தும்படி வடிவமைத்தார். இந்த பாடியை கிட்டாக விற்றார். கிட்டை வாங்கியவர் பழைய பீட்டில் ஒன்றைத் தேடிப் பிடித்து, தன் வீட்டிலேயே பக்கி கட்டிக்கொள்ளலாம்.

1967 ஏப்ரலில் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை மேயர்ஸும் டெட் மேங்கல்ஸும் ஓல்டு ரெட்டை ஓட்டினார்கள். ஆன நேரம் 34 மணி 45 நிமிடம். அதுவரை மோட்டார்சைக்கிள் வீரர்கள் கையில் இருந்த சாதனை உடைந்தது. அதே ஆண்டு நவம்பரில், இன்று 'பாஹா 1000' என்று உலகம் அறிந்த பந்தயம் முதன்முறையாக நடந்தது. அதையும் மேங்க்ஸ் பக்கி ஒன்றுதான் வென்றது.

கதையின் அடுத்த பகுதி கசப்பு. ஆளாளுக்கு அந்த பாடியைக் காப்பி அடித்து விற்றார்கள். மேயர்ஸ் காப்புரிமை வழக்கில் தோற்றார். 1971-இல் கம்பெனி மூடப்பட்டது. ஆனால் வடிவம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஓல்டு ரெட் 2014-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் இடம்பெற்றது. மேயர்ஸ் 2021-இல் தனது 94-வது வயதில் காலமானார்.

ஏன் எல்லோரும் பீட்டிலையே தேடினார்கள்?

காரணம் சிம்பிள். பீட்டிலின் இன்ஜின் பின்னால் இருக்கும். எடை பின் சக்கரத்தின் மேல் விழுவதால் மணலில் பிடிப்பு கிடைக்கும். இன்ஜின் காற்றில் குளிர்வது. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம், பாலைவனத்தில் கொதித்து நிற்காது. பாடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் மொத்தமாகத் தூக்கி எடுத்துவிடலாம். கீழே இருக்கும் தளம் தனி வண்டி மாதிரி நிற்கும்.

ஆனால் சேஸிஸைச் சுருக்குவது விளையாட்டு வேலை இல்லை. நடுவில் ஓடும் குழாய் போன்ற பகுதிக்குள்தான் கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள், கியர் ராட், பெட்ரோல் லைன் எல்லாம் போகின்றன. இரும்பை வெட்டினால் போதாது, அவற்றின் நீளத்தையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். வெட்டிய இரண்டு துண்டும் நூல் பிடித்ததுபோல் நேராகச் சேரவில்லை என்றால், வண்டி வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாகவே இழுக்கும்.

கூண்டு: சதுரம் சாயும், முக்கோணம் சாயாது

பீட்டிலை நம்பாமல் முழுக்க இரும்புக் குழாயில் கட்டும் பக்கிகளும் உண்டு. அங்கே குழாய்க் கூண்டுதான் சேஸிஸ், அதுவேதான் பாதுகாப்புக் கவசம்.

நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கட்டினால் இரண்டு முக்கோணம் ஆகிவிடும், அசையாது. பக்கிக் கூண்டின் மொத்த ரகசியமும் இதுதான். எத்தனை குழாய் இருக்கிறது என்பதைவிட, விசை வரும் இடத்தில் முக்கோணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்தது குழாயின் தரம். வீட்டில் மிச்சமிருக்கும் தண்ணீர் பைப்பை வைத்துக் கூண்டு கட்டுவதைச் சில வீடியோக்களில் பார்க்கலாம். அது ஆபத்து. தண்ணீர் பைப் தண்ணீரைக் கொண்டுபோகச் செய்யப்பட்டது. வண்டி உருளும்போது மனிதனைக் காப்பாற்றச் செய்யப்பட்டதில்லை. போதாக்குறைக்கு ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் மாதிரி வரும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: கல்லூரி மாணவர்களுக்கான பாஹா பக்கிப் போட்டியில், கூண்டின் முக்கியக் குழாய்க்கு அடிப்படை அளவு சுமார் 25 மில்லிமீட்டர் விட்டம், 3 மில்லிமீட்டர் தடிமன். அதிலுள்ள கார்பன் குறைந்தது 0.18 சதவீதம் இருக்க வேண்டும். வேறு அளவுக் குழாய் பயன்படுத்தினால், வலிமையில் அது குறையாது என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

வெல்டிங்கிலும் ஒரு வரிசை இருக்கிறது. குழாயின் முனையை மீன் வாய் மாதிரி வளைவாக வெட்டி, அடுத்த குழாயின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். முதலில் எல்லா மூட்டுகளிலும் சின்னச் சின்னதாக டேக் வெல்டிங் மட்டும். அளவெல்லாம் சரிபார்த்த பிறகுதான் முழு வெல்டிங். அதையும் இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் சூட்டில் கூண்டு முறுக்கிக்கொள்ளும்.

காரை இரண்டு முறை கட்ட வேண்டும்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கூண்டு முடிந்ததும் ஆசையில் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பிறகு பேட்டரி வைக்க ஒரு பிராக்கெட் வேண்டும், சீட்டுக்கு ஒரு பிடி வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். புதுப் பெயின்ட்டைச் சுரண்டி மறுபடி வெல்டிங்.

அனுபவசாலிகள் காரை இரண்டு முறை கட்டுவார்கள். முதல் முறை பெயின்ட் இல்லாமல், பச்சை இரும்பாகவே முழு வண்டியையும் பூட்டிப் பார்ப்பது. இன்ஜின், ஸ்டியரிங், பிரேக் பைப், பெட்ரோல் டேங்க், ஒயரிங், சீட் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார வேண்டும். சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, சஸ்பென்ஷனை மேலும் கீழும் அமுக்கி, எதுவும் எங்கேயும் உரசவில்லை என்று பார்க்க வேண்டும். ஓட்டப்போகிறவர் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலைக்கும் கூண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறதா?

எல்லாம் சரி என்றால் மொத்தத்தையும் மறுபடி கழற்றுவது. பெயின்ட் அடிப்பது அதன் பிறகே. அப்புறம் இரண்டாவது முறை பூட்டுவது. கேட்கவே சலிப்பாக இருக்கும். ஆனால் கடைசியில் நேரத்தையும் பணத்தையும் மிச்சம் பிடிப்பது இந்த வழிதான்.

பட்டி முதல் பாலிஷ் வரை

தகர பாடியில் வேலை துருவை எடுப்பதில் தொடங்குகிறது. துருவின் மேல் பெயின்ட் அடித்தால் உள்ளே அரிப்பு நிற்காது, சில மாதத்தில் கொப்பளம் போட்டு வெளியே வரும். துரு போனதும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எபாக்ஸி பிரைமர் அடிப்பார்கள். பள்ளம் இருக்கும் இடத்தில் பட்டி. பட்டி மெல்லிசாக இருக்க வேண்டும். டிங்கரிங்கில் தட்டி எடுக்க வேண்டிய நெளிவைப் பட்டியால் நிரப்பினால், வண்டி அதிரும்போது வெடித்து விழும்.

அடுத்தது உப்புத்தாள். 80-ஆம் நம்பரில் தொடங்கி 180, 320 என்று மேலே போவது வழக்கம். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பிரைமரின் மேல் லேசாகக் கறுப்பு நிறத்தைத் தூவிவிட்டுத் தேய்ப்பார்கள். கறுப்பு எங்கே மிச்சம் நிற்கிறதோ அங்கே பள்ளம். பிறகு நிறம், அதன்மேல் கிளியர் கோட். காய்ந்ததும் 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் ஈரத்தோடு தேய்த்து பாலிஷ் போட்டால்தான் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வரும். பளபளப்பைக் கொடுப்பது பெயின்ட் டப்பா என்று நினைக்கிறோம், உண்மையில் அதைக் கொடுப்பது தேய்த்த கை.

ஃபைபர்கிளாஸில் கதை தலைகீழ். அங்கே வெளித்தோல்தான் முதலில் வரும். அச்சுக்கு மெழுகு தடவி, நிறம் கலந்த ஜெல் கோட்டை முதலில் பூசி, அதன்மேல் கண்ணாடி நாரையும் ரெசினையும் அடுக்கடுக்காகச் சேர்ப்பார்கள். இறுகியதும் அச்சிலிருந்து பிரித்தால், முதலில் பூசியது வெளிப்பக்கமாக நிற்கும். அதனால் அச்சில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் பாடியிலும் வரும்.

ஒரு எச்சரிக்கை: கார்களுக்கு அடிக்கும் டூ-கே பெயின்ட்டின் ஹார்ட்னரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும். ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. மூக்கில் கட்டும் கைக்குட்டையோ தூசி மாஸ்க்கோ இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க்கும் காற்றோட்டமுள்ள பெயின்ட் பூத்தும் வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டுமாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவது நல்லது.

அழகு மறைக்கும் ஆபத்து

ஃபினிஷிங்கில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. மோசமான வேலையையும் அது மறைத்துவிடும்.

கூண்டின் வெல்டிங் மேடு தெரியக் கூடாது என்று கிரைண்டரில் மழித்துவிடுகிறார்கள் சிலர். பார்க்க வழவழப்பாக இருக்கும். ஆனால் மூட்டைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்பில் ஒரு பகுதி போய்விட்டது. இன்னும் சிலர் சரியாகச் சேராத மூட்டின் மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடிக்கிறார்கள். வண்டி முதல் முறை உருளும்போதுதான் அது தெரியவரும். தடிமனான பவுடர் கோட்டிங் கீழே இருக்கும் விரிசலை மறைத்துவிடும் என்பதால், ரேஸ் வண்டிகளின் கூண்டுக்குச் சாதாரணப் பெயின்ட்டே போதும் என்பவர்களும் உண்டு.

வண்டி வெளியே போகும் முன் பார்க்க வேண்டியவை:

• பிரேக் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட்டா? ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்க வேண்டும்.
• பிரேக் பைப்பும் பெட்ரோல் லைனும் சைலன்சர் சூட்டிலிருந்தும் சுழலும் பாகங்களிலிருந்தும் விலகி இருக்கின்றனவா?
• ஒயர் இரும்பைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் புஷ் இருக்கிறதா? ஃபியூஸ் இருக்கிறதா?
• ஒரே அசைவில் மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் சுவிட்ச், கைக்கு எட்டும் தூரத்தில் தீயணைப்பான் உண்டா?
• சீட் பெல்ட் கூண்டோடு பூட்டப்பட்டிருக்கிறதா, மெல்லிய தகரத்திலா?
• முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட், போல்ட்டையும் மறுபடி இறுக்கியாச்சா?

பாதியில் நின்றுபோவது ஏன்?

வீட்டு ஷெட்டில் தொடங்கும் கார்களில் எத்தனையோ தார்ப்பாய்க்கு அடியிலேயே முடங்கிவிடுகின்றன. பணம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், முதல் வாரத்திலேயே மொத்த வண்டியையும் கழற்றிப் போடுவது. கழற்ற ஒரு நாள் போதும். ஆறு மாதம் கழித்து எந்த போல்ட் எங்கே போகும் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதற்கு வழி எளிமையானது. கழற்றும் முன் போனில் போட்டோ. போல்ட்டுகளைச் சின்னச் சின்ன கவரில் போட்டு மேலே பெயர். ஒரு நேரத்தில் ஒரு வேலை: பிரேக் என்றால் பிரேக்கை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. இன்னொன்று, இன்ஜின் சக்தியைக் கூட்டும் ஆசையைக் கடைசிக்குத் தள்ளுவது. இரு மடங்கு சக்தி வந்தால் பிரேக், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் பத்தாமல் போகும், பட்ஜெட் எகிறும்.

இந்தியாவில் செய்ய முடியுமா?

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் தனி மனிதர் கட்டிய காரைச் சோதித்துப் பதிவு செய்ய வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட கார்களுக்குப் புகை விதியில் சலுகை உண்டு, அதுவும் ஆண்டுக்கு 500 வண்டிக்கு மட்டும். பிரிட்டனில் ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகப் பரிசோதித்து அனுமதி தருகிறார்கள்.

இந்தியாவில் நிலைமை கடினம். புதிய மாடல் ஒன்றைச் சாலைக்குக் கொண்டுவர, அதன் மாதிரி வண்டியை அரசு அங்கீகரித்த மையத்தில் சோதித்துச் சான்றிதழ் பெற வேண்டும். சென்னை அருகே ஒரகடத்திலும் அப்படி ஒரு மையம் இருக்கிறது. ஆனால் அந்த நடைமுறை தயாரிப்பு நிறுவனங்களுக்காக அமைந்தது. ஒற்றை வண்டி கட்டும் தனி மனிதருக்குக் கட்டுப்படியாகாது.

பழைய காரை மாற்றலாமே என்றால் அங்கேயும் தடை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். நிறத்தை மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

2021 டிசம்பரில் மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் ஒருவர் பழைய உதிரி பாகங்களை வைத்து, சுமார் 60,000 ரூபாயில் சின்ன ஜீப் ஒன்றைச் செய்த வீடியோ வைரலானது. டூவீலர் மாதிரி உதைத்து ஸ்டார்ட் செய்யும் வண்டி. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைப் பாராட்டினார். கூடவே, விதிகளை மீறுவதால் அதிகாரிகள் என்றைக்காவது இதை நிறுத்திவிடுவார்கள் என்றும் சொல்லி, பதிலுக்கு ஒரு பொலேரோ தருவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் புது வண்டி அந்தக் குடும்பத்திடம் வந்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு முடிவு கிடைக்காது.

அப்படியென்றால் ஆசை இருப்பவர்கள் என்ன செய்வது? பொறியியல் மாணவர்களுக்கு 'பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா' போட்டி இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் பிறந்த போட்டியின் இந்திய வடிவம் இது. 2007 முதல் இங்கே நடக்கிறது. மாணவர்கள் தாங்களே பக்கியை வடிவமைத்து, வெல்டிங் செய்து, ஓட்ட வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரி அணிகளும் கலந்துகொள்கின்றன. பிரேக் சோதனையில் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டு நிற்கவில்லை என்றால் வண்டி டிராக்குக்கே போகாது. அதைத் தாண்டினால் கடைசியில் நான்கு மணி நேரத் தொடர் ஓட்டம். மற்றவர்கள், உரிமையாளரின் அனுமதியுள்ள தனியார் இடத்தில், ஹெல்மெட், பெல்ட்டோடு ஓட்டும் வண்டியாக மட்டும் திட்டமிடுவதே பாதுகாப்பு.

அடுத்த முறை ரீல்ஸில் இப்படி ஒரு கார் வந்தால், பெயின்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். வீடியோவை நிறுத்தி, கூண்டின் மூட்டைப் பாருங்கள், சீட் பெல்ட் எங்கே பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கார் உண்மையில் முடிந்துவிட்டதா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.